அன்றாட ஆங்கிலம்: 'லீவ்' கேட்டாரா, விலகிவிட்டாரா?



ஆங்கிலத்திலிருந்து வந்து, நம் வீடுகளில் தமிழாகவே ஆகிவிட்ட சொற்கள் பல உண்டு. பள்ளிக்கூடத்தின் படியேறாத உம்மம்மாவும் தயக்கமின்றிச் சொல்லும் அத்தகைய சொல் 'லீவு'. "இன்று மதரஸா லீவு", "சபுராளி லீவில் வந்திருக்கிறார்", "அவர் இரண்டு நாள் லீவு போட்டார்" என்று நாள்தோறும் பேசுகிறோம். ஆனால் இதே சொல்லை ஆங்கில வாக்கியத்தில் வைக்கும்போது எத்தனை பேர் சறுக்கி விழுகிறோம் தெரியுமா? சறுக்கல் சிறியதுதான். சில வேளைகளில் அதன் விலை பெரியதாகிவிடுகிறது.

எங்கள் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஷார்ஜாவில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். வாப்பா இல்லாத குடும்பம். தங்கையின் நிக்காஹ்வுக்கு நாள் குறித்தாயிற்று. மூத்தவர் என்ற முறையில் அவர் வந்து நின்று நடத்திவைக்க வேண்டும். ஒருநாள் இரவு அவரிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. குரல் நடுங்கியது.

"சாச்சா, நான் லீவுதான் கேட்டேன். வேலையை விட்டுப் போகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். என் கணக்கை முடிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது."

"என்ன எழுதிக் கொடுத்தாய், தம்பி?"

"'ஐ வான்ட் டு லீவ் ஃப்ரம் ஜூன் டென்த்' என்று எழுதினேன், சாச்சா."

அவர் மனத்தில் இருந்தது, "ஜூன் 10 முதல் எனக்கு விடுப்பு வேண்டும்" என்பது. தாளில் இருந்ததோ, "ஜூன் 10 முதல் நான் விலகிக்கொள்ள விரும்புகிறேன்" என்பது. இடையில் நுழைந்த 'டு' என்னும் ஓரெழுத்துச் சொல், விடுப்பு விண்ணப்பத்தை விலகல் கடிதமாக்கிவிட்டது. கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடன் அடைபடாத நிலையில், அந்தக் குடும்பத்தின் ஒரே வருமானம் ஒரு சிறு சொல்லில் ஊசலாடியது.

ஆகவே இம்மாதம் இந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

ஒரே முகம், இரு சொற்கள்

எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகத் தோன்றும் 'லீவ்' உண்மையில் இரண்டு சொற்களாகும். ஒன்று பெயர்ச்சொல், மற்றது வினைச்சொல். பழைய ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு சொற்களாகவே இருந்தன. பெயர்ச்சொல்லுக்கு அன்று 'அனுமதி' என்பது பொருள். வினைச்சொல்லுக்கு 'விட்டுவைத்தல், எஞ்சியிருக்கச் செய்தல்' என்பது பொருள். காலப்போக்கில் ஒலி ஒன்றாகிவிட்டது, பொருள் ஒன்றாகவில்லை.

இதனை நினைவில் கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. பெயர்ச்சொல்லாகிய லீவ், பிறர் நமக்குத் தருவது. வினைச்சொல்லாகிய லீவ், நாமே செய்வது. "ஐ வான்ட் லீவ்" என்றால் நீங்கள் தரவேண்டிய அனுமதியைக் கேட்கிறேன். "ஐ வான்ட் டு லீவ்" என்றால் நான் போகிறேன்.

அனுமதி என்னும் அந்தப் பழைய பொருள் இன்றும் மறைந்துவிடவில்லை. நம் அரசியல் சாசனத்தின் 136ஆம் பிரிவின்படி, உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வதற்குச் 'ஸ்பெஷல் லீவ்' கேட்டு மனுச் செய்கிறார்கள். அது சிறப்பு விடுமுறை அன்று, சிறப்பு அனுமதி. பிரிட்டனின் குடியேற்றச் சட்டத்தில் 'லீவ் டு ரிமெய்ன்' என்றொரு தொடர் உண்டு. 'போவதற்கும் இருப்பதற்கும்' என்று மயங்க வேண்டாம். அந்நாட்டில் தங்கியிருப்பதற்கான அனுமதி என்பதே அதன் பொருள்.

நமக்கு இது புதிதன்று. வளைகுடாவில் வேலை செய்தவர்கள் 'இஜாஸா' என்னும் அரபுச் சொல்லை விடுப்பு என்னும் பொருளில் அறிவார்கள். அதே இஜாஸாவை நம் ஆலிம் பெருமக்கள், ஆசிரியர் மாணவருக்கு வழங்கும் அனுமதி என்னும் பொருளில் வழங்குகிறார்கள். தமிழிலும் 'விடை' என்றால் அனுமதி. விடை பெற்றுச் செல்வதென்றால் அனுமதி பெற்றுச் செல்வது. அனுமதியும் விடுப்பும் ஒரே சொல்லில் உறைவது அரபிக்கும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவாக இருக்கிறது.

திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் 62ஆம் வசனத்தின் கருத்தையும் இங்கே நினைவுகூரலாம். பொதுக் காரியம் ஒன்றிற்காக நபி (ஸல்) அவர்களுடன் கூடியிருக்கும் இறைநம்பிக்கையாளர்கள், அவர்களிடம் அனுமதி கேளாமல் அகன்று செல்லமாட்டார்கள் என்பது அதன் கருத்து. அனுமதி பெயர்ச்சொல்லாகிய லீவ். அகலுதல் வினைச்சொல்லாகிய லீவ். முன்னதைப் பெற்ற பிறகே பின்னதைச் செய்வது நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கு.

பெயர்ச்சொல்லாக வரும்போது

தமிழில் "அவர் இன்று லீவு" என்கிறோம். அதை அப்படியே பெயர்த்து "ஹீ இஸ் லீவ் டுடே" என்பது பிழை. "ஹீ இஸ் ஆன் லீவ் டுடே" என்பதே சரி. 'இன் லீவ்' என்பதும் பிழை. 'ஆன் லீவ்' என்றே வரவேண்டும்.

"லீவு போட்டேன்" என்பதற்கு "ஐ புட் லீவ்" என்று சொல்வதை அலுவலகங்களில் கேட்கலாம். விண்ணப்பித்திருந்தால் "ஐ அப்ளைடு ஃபார் லீவ்". எடுத்துக்கொண்டிருந்தால் "ஐ டுக் லீவ்" என்று சொல்லவேண்டும். மேலதிகாரி அதனை வழங்குவது 'கிராண்ட்' செய்வதாகும்.

"எனக்கு ஒரு லீவு வேண்டும்" என்று எண்ணி "ஐ வான்ட் எ லீவ்" என்று எழுதாதீர்கள். ஒரு நாளென்றால் "எ டேஸ் லீவ்". இரண்டு நாளென்றால் "டூ டேஸ் லீவ்". எழுதும்போது முன்னதில் 'எஸ்' எழுத்துக்கு முன்னும், பின்னதில் 'எஸ்' எழுத்துக்குப் பின்னும் மேற்குறி இடவேண்டும்.

"இன்று பள்ளிக்கூடம் லீவு" என்பதற்கு 'லீவ்' பொருந்தவே பொருந்தாது. பெருநாள் அன்று பள்ளி மூடியிருப்பதற்கு நாம் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அது எல்லாருக்கும் பொதுவான 'ஹாலிடே'. ஆகவே, "டுடே இஸ் எ ஹாலிடே" என்க. காய்ச்சலுக்காக ஒரு பிள்ளை மட்டும் போகாதிருந்தால் அந்தப் பிள்ளை 'ஆன் லீவ்'.

சட்டங்கள் வழங்கும் விடுப்புகளுக்கும் இச்சொல்லே பயன்படுகிறது. ஆண்டு விடுப்பு 'ஆன்யுவல் லீவ்'. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஓராண்டு முழுநேரப் பணிக்கு அது 30 நாட்களுக்குக் குறையக் கூடாது. நோய்க்கானது 'சிக் லீவ்'. பிள்ளைப்பேற்றுக்கானது 'மெட்டர்னிட்டி லீவ்'. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முதல் இரு பிள்ளைப்பேறுகளுக்கு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. சவூதி அரேபியத் தொழிலாளர் சட்டத்தில் 'ஹஜ் லீவ்' உண்டு. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து இரண்டாண்டு பணிபுரிந்து, அதுவரை ஹஜ் செய்யாதவருக்கு, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையையும் சேர்த்து 10 முதல் 15 நாள் வரை ஊதியத்துடன் கிடைக்கும். கணவரை இழந்த முஸ்லிம் பெண் ஊழியருக்கு இத்தா காலமாகிய 4 மாதம் 10 நாளுக்கும் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. உரிமை இருக்கிறது, அதைக் கேட்கும் சொல் சரியாக இருக்கவேண்டும்.

வினைச்சொல்லாக வரும்போது

இங்கே நம்மை ஏமாற்றுவது, தமிழின் 'விடு' என்னும் சொல். போகவிடு, கொண்டுபோய் விடு, விட்டுப் பிரி, விட்டுவை ஆகிய எல்லாவற்றுக்கும் நமக்கு 'விடு' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் போதாது.

"பிள்ளையை விளையாட விடுங்கள்" என்பதற்கு "லெட் த சைல்ட் ப்ளே" என்க. அனுமதித்தல் என்னும் செயலுக்கு 'லெட்' வரும், 'லீவ்' வராது.

"என்னைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிடுங்கள்" என்பதற்கு "ட்ராப் மீ அட் த பஸ் ஸ்டாண்ட்" என்க. இந்த இடத்தில் கவனம் மிகத் தேவை. மனைவியைத் தாய்வீட்டில் விட்டு வந்த ஒருவர், அலுவலகத்தில் "ஐ லெஃப்ட் மை வைஃப்" என்று சொன்னால், மனைவியைக் கைவிட்டுவிட்டார் என்றே கேட்டவர்கள் கருதுவார்கள். 'லெஃப்ட்' என்பது 'லீவ்' என்பதன் இறந்தகால வடிவம். "ஐ ட்ராப்டு மை வைஃப் அட் ஹெர் மதர்ஸ் ஹவுஸ்" என்றால் குழப்பமில்லை.

பயணத்தைச் சொல்லும்போது 'ஃபார்' என்னும் சொல் திசையையே மாற்றிவிடும். "ஐ ஆம் லீவிங் துபாய்" என்றால் துபாயை விட்டுப் புறப்படுகிறேன். "ஐ ஆம் லீவிங் ஃபார் துபாய்" என்றால் துபாய்க்குப் புறப்படுகிறேன். விமான நிலையத்துக்கு அழைக்க வருபவர் எந்த ஊரில் நிற்கவேண்டும் என்பதை இந்தச் சிறு சொல்தான் தீர்மானிக்கிறது.

விட்டுச் செல்லும் சொத்துக்கும் இதே வினைதான். "ஹீ லெஃப்ட் எ ஹவுஸ் அண்ட் சம் டெட்ஸ்" என்றால், காலமானவர் ஒரு வீட்டையும் சில கடன்களையும் விட்டுச் சென்றார் என்று பொருள். வெளிநாட்டில் காலமானவரின் வாரிசு ஆவணங்களைப் படிக்கும்போது இதனை அறிந்திருப்பது நலம்.

குறிலும் நெடிலும்

இன்னொரு சறுக்கல் ஒலியில் உள்ளது. 'லிவ்' என்று குறிலாகச் சொன்னால் வசித்தல்; 'லீவ்' என்று நெடிலாகச் சொன்னால் புறப்படுதல். "வேர் டூ யூ லிவ்?" என்றால் எங்கே வசிக்கிறீர்கள் என்று பொருள். குறில் நெடில் வேறுபாட்டைத் தொட்டிலிலிருந்தே அறிந்த தமிழருக்கு இது கடினமன்று. இறுதியில் உகரம் சேர்த்து 'லீவு' என்று நீட்டாமல், 'வ்' என்று நிறுத்தினால் போதும்.

பயிற்சி

கீழ்வரும் வாக்கியங்களைப் பிள்ளைகளோடு அமர்ந்து திருத்திப் பாருங்கள்:

1. மை ஃபாதர் இஸ் லீவ் டுடே.
2. டுமாரோ இஸ் லீவ் ஃபார் அவர் ஸ்கூல்.
3. லீவ் மீ டு ஸ்பீக்.
4. ஐ லீவ் இன் மதுரை. (வசிக்கிறேன் என்னும் பொருளில்)

விடைகள்: 1. மை ஃபாதர் இஸ் ஆன் லீவ் டுடே. 2. டுமாரோ இஸ் எ ஹாலிடே ஃபார் அவர் ஸ்கூல். 3. லெட் மீ ஸ்பீக். 4. ஐ லிவ் இன் மதுரை.

ஷார்ஜா இளைஞரின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் காலையிலேயே அவர் வேறொரு கடிதம் கொடுத்தார். "ஐ டிட் நாட் மீன் டு ரிசைன். ஐ ஆம் அப்ளையிங் ஃபார் ட்வென்டி டேஸ் லீவ் ஃப்ரம் ஜூன் டென்த் ஃபார் மை சிஸ்டர்ஸ் மேரேஜ்" என்று எழுதியிருந்தார். 'விலகுவது என் கருத்தன்று. தங்கையின் திருமணத்திற்காக ஜூன் 10 முதல் 20 நாள் விடுப்புக்கு விண்ணப்பிக்கிறேன்' என்பது பொருள். அதிகாரி படித்துப் பார்த்துச் சிரித்தாராம். விடுப்பு கிடைத்தது. அல்ஹம்து லில்லாஹ், தங்கையின் நிக்காஹ் மஜ்லிஸில் அவர் முன்வரிசையில் அமர்ந்திருந்ததை நானும் கண்டேன்.

எல்லா அதிகாரிகளும் சிரிப்பவர்களாக இருப்பதில்லை. ஆகவே, வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் சகோதரர்களுக்கும் இதனை ஒருமுறை படித்துக் காட்டுங்கள். விண்ணப்பம் எழுதிய பின், கையொப்பம் இடுமுன், 'லீவ்' என்னும் சொல்லுக்கு முன்னால் 'டு' நிற்கிறதா என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வேறொரு சொல்லுடன் சந்திப்போம். அதுவரை விடை தாருங்கள். வஸ்ஸலாம்.