போகியிலிருந்து தொடங்குவோம்

நம் வாசகர்கள் கையால் கட்டும் சரக்கு வேகன்களின் மேல்வேலை இன்று எந்த நாட்டு மாதிரியோடும் வைத்துப் பார்க்கத் தக்கது. பாக்ஸ்என் வேகனின் பக்கத்தில் வரிசையாக நிற்கும் தாங்கிகள், உள்ளிருந்து அடிபட்டு வெளியே புடைத்த தகடு, கதவின் கீல், பழைய துருவுக்கும் புதிய துருவுக்கும் உள்ள நிற வேறுபாடு என எதையும் அவர்கள் விடுவதில்லை. 11 இலக்க வேகன் எண்ணின் கடைசி இலக்கம் மற்ற பத்திலிருந்து கணக்கிட்டு வருவது. அதைக்கூட முறைப்படி கணக்குப் போட்டு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவையும் செய்துவிட்டு, கடைசியில் அமெரிக்க வேகனுக்காக வார்த்த ஹெச்ஓ போகி இரண்டை வாங்கி அடியில் திருகிவிடுகிறோம். இந்த வரிசை தலைகீழானது. வேலை போகியில் தொடங்க வேண்டும், துருவுக்குக் கடைசியில் நேரம் ஒதுக்கினால் போதும்.

அளவுகளைப் பார்ப்போம். பாக்ஸ்என் வேகனின் நீளம் கப்ளர் முகங்களுக்கு இடையே 10,713 மி.மீ., போகி மையங்களுக்கு இடையே 6,524 மி.மீ. ஹெச்ஓவின் 1:87 அளவில் இவை 123, 75 மி.மீ. ஆகும். பலகையில் வெட்டும்போது இதில் யாரும் பிழை விடுவதில்லை. ஆனால் அந்த வேகனைத் தாங்கும் காஸ்னப் போகியின் அச்சுகள் 2,000 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன, புதுச் சக்கரத்தின் விட்டம் 1,000 மி.மீ. மாதிரியில் இவை 23, 11.5 மி.மீ. வர வேண்டும். அமெரிக்காவின் 70 டன் போகியில் அச்சு இடைவெளி 5 அடி 8 அங்குலம், சக்கரம் 33 அங்குலம். அதன் மாதிரியில் கிடைப்பது 19.9, 9.6 மி.மீ. மூன்று மி.மீ. குறுகிய போகி, இரண்டு மி.மீ. சிறுத்த சக்கரம். சக்கரம் சிறுத்ததால் வேகன் தாழ்ந்து உட்கார்கிறது, கப்ளர் உயரம் தவறுகிறது. அதைச் சரிசெய்ய வாஷர் கொடுத்துத் தூக்கினால் போகிக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. கதவுக் கீலில் கால் மி.மீ. பிழையைப் பொறுக்காத கண், இதை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறது?

காரணம், நாம் வேகனைப் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. மாம்பலத்திலோ சைதாப்பேட்டையிலோ எப்போதாவது ஒரு சரக்கு ரயில் கடக்கும்போது நாம் நிற்பது உயர்மட்ட நடைமேடையில். தண்டவாளத்துக்கு மேல் 760 முதல் 840 மி.மீ. வரை எழும் அந்தச் சுவர், ஒரு மீட்டர் சக்கரத்தில் பெரும்பகுதியை மறைத்துவிடும். கைப்பேசியில் விழுவதெல்லாம் மேல்பெட்டி மட்டுமே. அந்தப் படங்களை வைத்துக் கட்டுகிறவர் மேல்பெட்டியில் தேர்ந்துவிடுவது இயல்பு. எதிர் நடைமேடையிலிருந்து எடுத்தால் போகி முழுதாக விழும். தடத்தில் இறங்குவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. அதற்குத் தேவையும் இல்லை.

வீட்டில் நிலைமை நேர்மாறு. அசோக் நகர் அடுக்குமாடி வீட்டில் லேஅவுட் என்பது பெரும்பாலும் சுவரோரம் மாட்டிய ஒரு பலகை. 59 வேகன் கொண்ட முழு ரேக் 1:87இல் ஏழு மீட்டரைத் தாண்டும் என்பதால், பத்துப் பன்னிரண்டு வேகன்களோடு நிறுத்திக்கொள்கிறோம். அவை கண் மட்டத்தில், ஓரடி தூரத்தில், பக்கவாட்டில் நிற்கின்றன. அந்தக் கோணத்தில் முதலில் தெரிவது போகிதான்.

காஸ்னப்பை நெருங்கிப் பார்த்தால் செய்நேர்த்திக்கு அது எவ்வளவு இடம் தருகிறது என்பது புரியும். இரண்டு வார்ப்பெஃகுப் பக்கச்சட்டங்கள், நடுவே குறுக்காக ஒரு போல்ஸ்டர், அதன் இரு முனைகளையும் தாங்கும் சுருள்வில் கூட்டம். பக்கச்சட்டத்தின் சன்னலுக்குள் வில்களுக்கு இடையே மறுபக்கத்து ஒளி வர வேண்டும். ஒரே வார்ப்பாக வரும் மலிவான போகிகளில் அந்த இடம் அடைத்துக் கிடக்கும். அச்சு முனையில் மூன்று போல்ட் கொண்ட மூடி இருக்கிறது, அசலில் அது சக்கரத்தோடு சுழலும். காஸ்னப்புக்கு முந்தைய பாக்ஸ், பிசிஎக்ஸ் வேகன்களின் யுஐசி போகியோ தகடுகளைப் பற்றவைத்துக் கட்டியது. சுருள்வில்லுக்குப் பதில் பட்டைவில் கொண்டது. எண்ணைப் படிக்காமலே ஒரு வேகன் எந்தக் காலத்தது என்று போகி சொல்லிவிடும். துருவால் அதைச் சொல்ல முடியாது.

உழைப்புக் கணக்கும் இதன் பக்கமே. பாக்ஸ்என்னுக்கு வெட்டிய பக்கச்சுவர் பிசிஎன்னுக்கு உதவாது, பிசிஎன் கூரை பிடிபிஎன் டாங்கருக்கு உதவாது. ஆனால் மூன்றும் ஓடுவது காஸ்னப் குடும்பத்தின் மேல். உட்பிரிவுகளின் சிறு வேறுபாடுகளைத் தள்ளிவிட்டால், ஸ்டைரீனில் பொறுமையாகச் செய்த ஒரே ஒரு பக்கச்சட்ட மாஸ்டர் போதும். சிலிகான் அச்செடுத்து ரெசினில் வார்த்து, பித்தளை பேரிங் பதித்தால் வாழ்நாளுக்கான வேகன்கள் அத்தனைக்கும் அது வரும். முப்பரிமாண அச்சு எந்திரம் வைத்திருப்பவருக்கு மாஸ்டர் வேலையும் எளிது. சங்கத்தில் ஒருவர் நன்றாகச் செய்துவிட்டால் எல்லோருக்கும் பயன்படக்கூடிய பாகம் இதைப் போல வேறொன்று இல்லை.

இதற்கு வரும் கனமான மறுப்பு பாதை அகலம் பற்றியது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. 1:87இல் அது 19.3 மி.மீ. ஆக வேண்டும், நாம் ஓட்டுவதோ 16.5 மி.மீ. தண்டவாளத்தில். அடிப்படையே 2.8 மி.மீ. தவறியிருக்கும்போது போகியில் துல்லியம் எதற்கு என்று கேட்கலாம். அகலப் பிழை வேகனை முனையிலிருந்து பார்க்கும்போதுதான் உறுத்தும். பலகை லேஅவுட்டில் அந்தக் கோணம் அரிது. அதைத் திருத்தப் பாதையையும் பாயின்ட்டுகளையும் முழுக்கக் கையால் போட வேண்டும். போகியைத் திருத்தினால் பக்கவாட்டுத் தோற்றம் முழுதும் சரியாகிவிடும்.

இன்னொரு சாரார் 1:100க்கே மாறச் சொல்கிறார்கள். அவர்கள் கணக்கு அழகானது. அந்த அளவில் பாதை 16.8, அச்சு இடைவெளி 20, சக்கரம் 10 மி.மீ. கடையில் கிடைக்கும் தண்டவாளமும் அமெரிக்க போகியும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்திவிடும். போகியின் முகத்தை மட்டும் மாற்றினால் போதும். கையில் ஒன்றும் இல்லாமல் புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு நானே அதைப் பரிந்துரைப்பேன். எஞ்சின், சாலை வண்டி, மனித உருவம் என்று 1:87இல் ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்களால் அது முடியாது. 1:100 என்பவர்களும் சக்கரத்தை வைத்துத்தான் அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக எடை. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ ஹெச்ஓ வேகனுக்கு ஒரு அவுன்சும், நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்சும் பரிந்துரைக்கிறது. 123 மி.மீ. வேகனுக்கு அது ஏறக்குறைய 97 கிராம். மூடிய பிசிஎன்னில் ஈயத்தை உள்ளே ஒளித்துவிடலாம். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரியைக் கொட்டிவிட்டு எண்ணூருக்குக் காலியாகத் திரும்பும் பாக்ஸ்என்னில் ஒளிக்க இடமே இல்லை. உள்தளம் திறந்து கிடக்கும். அந்த எடையை நடுச்சட்டத்தின் பள்ளத்திலும் போல்ஸ்டருக்குள்ளும்தான் வைத்தாக வேண்டும். பக்கச்சுவர் ஒட்டிய பிறகு யோசித்தால் அதற்கு இடம் இருக்காது.