'டிக்' என்றால் நிறுத்து

ஸ்கூட்டரைத் தினமும் துணி போட்டுத் துடைப்பவர்கள் நம்மில் ஏராளம். அதன் அடியில் குனிந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. அதற்குக் காரணமும் உண்டு. பஜாஜ் சேத்தக் கோலோச்சிய காலத்தில் ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றினோம். அது எரிந்து புகையாகப் போனது. 2001-ல் வந்த ஹோண்டா ஆக்டிவா போன்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் அந்தக் கணக்கை மாற்றின. இவற்றில் ஆயில் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து கறுத்துப்போகிறது. அதைக் குறித்த காலத்தில் வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும்.

வேலை என்னவோ சின்னதுதான். இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு ஆயிலை இளக்க வேண்டும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கீழே ஒரு தட்டை வைத்து, அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் வடிந்துவிடும். பிறகு போல்ட்டை மாட்டி, புது ஆயிலை ஊற்ற வேண்டும். 110 சிசி வண்டிகள் பலவற்றுக்கு ஒரு லிட்டர்கூடத் தேவைப்படாது. இதைத் தாங்களே செய்து பார்க்க ஆசைப்படும் ஆண்களும் பெண்களும் இன்று பெருகியிருக்கிறார்கள். அவர்கள் தடுமாறும் இடம் ஒன்றே ஒன்று: அந்தப் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது?

மெக்கானிக்கைக் கேட்டால் "நல்லா டைட் பண்ணுங்க, ரொம்ப டைட் பண்ணாதீங்க" என்பார். சமையலில் உப்பு எவ்வளவு என்று கேட்டால் பாட்டி சொல்லும் பதில் போலத்தான் இதுவும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கைக்குத் தெரியும். ஆனால் அந்தக் கை ஒரே நாளில் வந்ததல்ல. பத்து வயதில் பட்டறைக்கு வந்து, உஸ்தாதிடம் குட்டு வாங்கி, ஊரார் வண்டிகளில் பழகிய கை. முதல் தடவை ஸ்பேனரைப் பிடிப்பவருக்கு அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை.

போல்ட் எஃகு. அது போய் உட்காரும் இன்ஜின் உறையோ அலுமினியம். கூடுதலாக இறுக்கினால் தோற்பது அலுமினியம்தான். மரை கழன்றவன் என்று மனிதர்களைக் கிண்டல் செய்வோம். இன்ஜினுக்கு மரை கழன்றால் கிண்டல் இல்லை, செலவு. குறைவாக இறுக்கினால் இன்னும் மோசம். அதிர்வில் போல்ட் தளர்ந்து ஆயில் ஒழுகும். பின்சக்கரத்தில் பட்டால் வண்டி சறுக்கும்; கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் இறுகி நின்றுவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தைக் காட்டுவதுதான் டார்க் ரெஞ்ச். டார்க் என்பதைப் பாடநூலில் திருப்பு விசை என்றும், வாகன விளம்பரங்களில் முறுக்குவிசை என்றும் மொழிபெயர்க்கிறோம். பட்டறையில் இரண்டும் எடுபடாது; டார்க் என்றால்தான் புரியும். ஸ்கூட்டர் டிரெயின் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் ஓர் எண் இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான எண்ணை அதன் சர்வீஸ் கையேட்டில் பார்க்க வேண்டும். 24 என்று வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் சுமார் 12 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் விசை அது. உடம்பைச் சாய்த்து இழுத்தால் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை எளிதாக வந்துவிடும். மரை கழல்வது இப்படித்தான்.

ரெஞ்சின் கைப்பிடியைத் திருகி எண்ணை வைக்க வேண்டும். உள்ளே ஒரு ஸ்பிரிங் அந்த அளவுக்கு அழுந்தி நிற்கும். போல்ட் அந்த இறுக்கத்தை அடைந்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம், கையில் ஒரு சின்ன உதறல். அங்கே நிறுத்த வேண்டும். உறுதிக்காக இன்னொரு இழுப்பு இழுக்கும் நம் வழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். அந்த இன்னொரு இழுப்பைத் தடுக்கத்தானே கருவியே!

அளவுக்கோட்டிலும் கவனம் தேவை. பல ரெஞ்சுகளில் நியூட்டன் மீட்டர், அடி-பவுண்டு இரண்டும் பொறித்திருக்கும். 24-ஐ அடி-பவுண்டில் வைத்தால் 32 நியூட்டன் மீட்டருக்கு மேல் போய்விடும். கார் சக்கரத்துக்கான பெரிய ரெஞ்ச் இதற்கு ஆகாது. தன் எல்லையின் அடிமட்டத்தில் அது துல்லியமாக இருக்காது. கழற்றுவதற்குச் சாதாரண ஸ்பேனர் போதும். வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வைத்தால் ஸ்பிரிங் தளராது. போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு தடவையும் புதிதாக மாற்றுவது நல்லது.

எண் வந்துவிட்டதால் கைக்கு வேலையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. போல்ட் கோணலாக ஏறினாலும் ரெஞ்ச் அதே 'டிக்' சத்தத்தைத்தான் தரும். மரை நசுங்குவது அதற்குத் தெரியாது. ஆகவே முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்ற வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் சரி. முரண்டு பிடித்தால் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். உஸ்தாத் பத்து வருஷத்தில் கற்றதில் இறுக்கத்தின் அளவு ஒன்றைத்தான் கருவி கடனாகத் தருகிறது. மற்றதை நம் விரல்தான் கற்றாக வேண்டும்.

கடைசியாக இரண்டு விஷயங்கள். வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால், அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கேனில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள். அப்படியே அங்கிருக்கும் மெக்கானிக்கிடம் அவர் வண்டியின் எண் என்ன என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். ஆனால் அவர் கையால் இறுக்கிய போல்ட்டை அளந்து பார்த்தால் பெரும்பாலும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.