ஒப்புக்கொண்டால் என்ன சலுகை?

"குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறைகிறது, அதனால்தான் ராமேசுவரம் கரையில் கஞ்சாக் கடத்தல் ஓயவில்லை" என்கிறார் நண்பர். எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது? 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி, 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் குறைந்தது 10 ஆண்டு சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம். முதல் நாளே ஒப்புக்கொண்டாலும் அந்தப் பத்தாண்டில் ஒரு நாளைக்கூட நீதிபதி குறைக்க முடியாது. குற்ற ஒப்புதல் பேரமோ 7 ஆண்டுக்கு மேல் தண்டனையுள்ள வழக்குகளுக்குக் கிடையாது. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைவான சிறு அளவுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும்.

ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள வேதாளைக் கரையில் படகில் மூட்டை ஏற்றும் கூலியாளுக்கும், எங்கோ இருந்து பணம் போட்டவருக்கும் ஒரே பத்தாண்டு. இதுவா தாராளம்? முழு உண்மையைச் சொல்பவருக்கு வழக்கிலிருந்து அரசு விலக்களிக்க அதே சட்டத்தின் 64-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். முதலாளியின் பெயர் வெளிவரட்டும்.