பல்சக்கரம் பெண்களுக்கும் உரியதே

ரேடியோவால் இயங்கும் சிறு பந்தயக் கார்கள் ஆண்பிள்ளைகளுக்கே உரியவை என்பர் சிலர். நான் அதை ஒப்பமாட்டேன்.

நம் திருப்பூர் நிட்டிங் இயந்திரத்தில் 24 கேஜ் என்றால் அங்குலத்திற்கு 24 ஊசி. எண் கூடினால் பின்னல் நெருக்கமாகும். அவ்வாறே 48 பிட்ச் என்றால் சக்கர விட்டத்தின் ஓர் அங்குலத்திற்கு 48 பல். 64 என்றால் இன்னும் நுண்ணிய பல். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால் பல் சிதையும்.

மோட்டார்ச் சக்கரத்தில் 20 பல், அதனோடு சேரும் பெரிய சக்கரத்தில் 80 பல் எனில் விகிதம் 4. மோட்டார்ச் சக்கரத்தைப் பெரிதாக்கினால் உச்ச வேகம் கூடும். ஆனால் புறப்பாடு மந்தமாகும், மோட்டார் சூடேறும். வளைவு மிகுந்த பாதைக்குச் சிறியதே நன்று.

இது நாம் படித்த விகிதக் கணக்கன்றோ? கேஜ் அறிந்த ஊரின் பெண்கள் பிட்ச் அறியலாகாதா? பெற்றோரே, மகனுக்கு வாங்கும் காரை, திருப்புளியுடன் மகளிடமும் கொடுங்கள்!