ஏழு மலையும் ஒரு முடிச்சும்

கோவை மாநகருக்கு மேற்கே, பூண்டி அடிவாரத்தில் மனோன்மணி அம்மையுடன் வெள்ளியங்கிரி ஆண்டவர் எழுந்தருளியிருக்கிறார். அங்கிருந்து ஏழு மலைகளைக் கடந்தால், உச்சியில் உள்ள குகையில் சுயம்புவாக விளங்கும் ஈசனைத் தரிசிக்கலாம். தென்கயிலை என்று அன்பர்கள் போற்றும் தலம். தூரம் என்று பார்த்தால் ஒரு வழிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான். அந்தத் 'தான்' என்ற சொல்லை நம்பி ஏறிய அன்பர் ஒருவரின் கதை இது.

அன்பர் கோவைவாசி, அரசு அலுவலர். 49-ஆம் வயதில் இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பது தெரியவந்தது. மருத்துவர் நடக்கச் சொன்னார். ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் விடியற்காலையில் ஒரு சுற்று நடக்கத் தொடங்கியவர், ஆறு மாதத்தில் இரண்டு சுற்று ஓடலானார். பின்னர் வாரந்தோறும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, 21 கிலோமீட்டர் அரை மாரத்தானை முடித்தார். அதற்கு அடுத்த ஆண்டு ஜனவரியில் சென்னை மாரத்தானில் 42 கிலோமீட்டரையும் 195 மீட்டரையும் 5 மணி 20 நிமிடத்தில் ஓடி நிறைவு செய்தார். முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் தசைகளில் சேமித்த சர்க்கரைச் சத்து தீர்ந்து கால்கள் ஈயக்குண்டாய்க் கனத்தபோது, சிவநாமத்தை அடிக்கொன்றாகச் சொல்லிக்கொண்டே ஓடியதாக அவர் வீட்டில் கூறினார். பதக்கம் பூஜை அறையில் முருகன் படத்தின் ஆணியில் தொங்கியது. அது அங்கே தொங்கவேண்டிய பொருள்தானா என்று அவருடைய தாயார் ஒருமுறை கேட்டதோடு விட்டுவிட்டார்.

வெள்ளியங்கிரி ஏறுவதென்று தீர்மானித்ததும் அன்பர் மருதமலையின் 837 படிகளையும் ஞாயிறுதோறும் இருமுறை ஏறி இறங்கிப் பழகினார். மகன் உச்சிக்குப் போகிறான் என்று கேள்விப்பட்ட தாயார், பல்லாண்டுகளாகத் தம்மால் இயலாமற்போன தரிசனத்துக்கு ஈடாக, மஞ்சள் துணியில் பதினொரு ரூபாயை முடிந்து கொடுத்தார். "ஆண்டவன் சந்நிதியிலே வெச்சுட்டு வா சாமி" என்பது மட்டுமே அவர் சொன்னது. துணைக்கு மனைவியின் தம்பி வந்தார். வயது 46, கடையில் நாள் முழுவதும் அமர்ந்து செய்யும் வியாபாரம், பயிற்சி என்று எதுவும் இல்லை. மாமா வரும்போது நமக்கென்ன என்ற நம்பிக்கை ஒன்றே அவருடைய ஆயத்தம்.

வனத்துறை பிப்ரவரி முதல் மே முடிய மலையேற அனுமதிக்கிறது. இருவரும் மார்ச் மாதத்தில் ஓர் இரவு, வெயிலுக்கு அஞ்சிப் பலரும் செய்வதுபோல், பத்து மணிக்கு மேல் மூங்கில் தடி ஊன்றிப் புறப்பட்டனர். முதல் மலை செங்குத்தான கற்படிகள். வெள்ளை விநாயகர் சந்நிதியை அடைவதற்குள் மூச்சிரைக்காதவர் அரிது. அன்பர் மட்டும் மணிக்கட்டுக் கடிகாரத்தில் தம் நாடித் துடிப்பைப் பார்த்துக்கொண்டு, வகுத்த வேகம் குறையாமல் ஏறினார். மைத்துனர் நின்றபோதெல்லாம், "உட்கார்ந்தால் கால் பிடித்துக்கொள்ளும், நட மாப்பிள்ளை" என்று ஊக்கினார். ஓட்டப் பயிற்சியில் அது சரியான அறிவுரைதான். சொல்லப்பட்டவர் ஓட்டக்காரர் அல்லர்.

பாம்பாட்டிச் சுனையைக் கடந்து மூன்றாவது மலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். குளிர் காற்று வீசியது. மைத்துனர் ஒரு பாறையில் அமர்ந்து, நெஞ்சை ஏதோ அமுக்குவதுபோல் இருக்கிறது, இடத் தோளும் வலிக்கிறது, எல்லாம் வாயுதான் என்றார். தரிசனம் முடிந்து இறங்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், எழுபது வயதுக்குக் குறையாது, கைவிளக்கை உயர்த்தி அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தக் குளிருல இப்படி வேர்த்து ஊத்துது? இனி ஒரு படிகூட ஏத்தாதீங்க. கீழே கொண்டு போயிருங்க" என்றார்.

கடிகாரம் அன்பரின் நாடியைக் காட்டிற்றே தவிர, உடன் வந்தவரின் வியர்வையைக் காட்டவில்லை. மைத்துனரோ, "நீங்க மேலே போய்ட்டு வாங்க மாமா, நான் இங்கேயே இருக்கேன். அத்தை கொடுத்த காணிக்கை இருக்கே" என்றார். மேலே, மலைச்சரிவில், ஏறுபவர்களின் விளக்குகள் ஒரு சரமாக அசைந்துகொண்டிருந்தன. அன்பர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கணம் அன்று, இரண்டு மூன்று நிமிடங்கள் நின்றதாகப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். நாடகங்களில் இத்தகைய முடிவுகள் நொடியில் எடுக்கப்படுகின்றன. இருட்டில், சட்டைப் பையில் தாயின் முடிச்சோடு நிற்பவனுக்கு அவ்வளவு எளிதாக இருப்பதில்லை.

மலைக்கடைகளுக்குச் சுமை ஏற்றும் பழங்குடி இளைஞர்கள் நால்வர் வந்தார்கள். இரண்டு மூங்கில்களில் போர்வையைக் கட்டித் தூளி அமைத்தார்கள். அன்பரும் ஒரு முனையில் தோள் கொடுக்க முயன்றார். இரண்டாம் மலை இறங்குவதற்குள் அவருடைய தொடைகள் நடுங்கின. ஏறும்போது சுருங்கி உழைக்கும் தொடைத் தசை, இறங்கும்போது நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கவேண்டியிருக்கிறது. சமதளத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் அந்த உழைப்பு பழகுவதில்லை. செருப்பும் அணியாத அந்த இளைஞர்கள், அடி தவறாமல், தூளி சாயாமல், ஒருவருக்கொருவர் குறிப்புச் சொல்லிக்கொண்டு படிகளில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பதக்கம் எதுவும் கிடையாது. கொடுத்த பணத்தில் பாதியைத் திருப்பித் தந்ததாகவும் அன்பர் சொல்கிறார்.

அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. இதயக் குழாய் ஒன்றில் அடைப்பு. அன்று காலையிலேயே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் இரண்டு மலை ஏறியிருந்தால் என்று மருத்துவர் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவில்லை. 2024-ஆம் ஆண்டின் மலையேற்றப் பருவத்தில் பக்தர்கள் பலர் வெள்ளியங்கிரியில் உயிரிழந்ததை நாளிதழ்கள் வெளியிட்டன. இதய நோயும் மூச்சுத் திணறலும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அறிவிக்கிறார்கள். நோய் இருப்பதே தெரியாதவர் அந்த அறிவிப்பை எவ்வாறு தமக்கென்று படிப்பார்? நாற்பதைக் கடந்தவர்கள் ஓர் இ.சி.ஜி.யும், மருத்துவர் சொன்னால் ட்ரெட்மில் பரிசோதனையும் செய்துகொண்டு மலையேறுவது, மூங்கில் தடி வாங்குவதைக் காட்டிலும் முதன்மையான ஆயத்தம்.

அன்பரின் மனைவி நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "அவன் உங்களைப் போல ஓடுகிறவனா?" என்று மட்டும் கேட்டார். அவரிடம் பதில் இல்லை. பூஜை அறையில் தொங்கிய பதக்கத்தை அன்றே எடுத்து அலமாரியில் வைத்தார். மஞ்சள் முடிச்சைத் தாயாரிடம் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது அந்த அம்மையார் கை நீட்டவில்லை. "அது சாமி காசு. உன்னிடமே இருக்கட்டும். அடுத்த வருஷம் அவரே கூப்பிடுவார்" என்றார்.

மறு ஆண்டு பிப்ரவரியில் அன்பர் மீண்டும் ஏறினார். இம்முறை கடிகாரம் இல்லை. கூட்டத்தில் மிக மெதுவாக ஏறிய முதியவர்கள் இருவருக்குப் பின்னால், அவர்கள் நின்ற இடங்களில் நின்று, அவர்கள் அமர்ந்த பாறைகளில் அமர்ந்து ஏறினார். கைதட்டிச் சுனையில் எல்லாரையும்போல் கை தட்டினார். ஏழாவது மலையின் உச்சியை அடைந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. முடிச்சை அவிழ்த்துக் காணிக்கையைச் செலுத்தி, அதே துணியில் திருநீற்றை முடிந்துகொண்டார்.

இறங்கிவர நண்பகல் ஆயிற்று. அடிவாரக் கோயில் மண்டபத்தில் மைத்துனர் காலையிலிருந்தே காத்திருந்தார். திருநீறு பூசிக்கொண்டவர் முதலில் கேட்டது, "காணிக்கையைச் செலுத்திட்டீங்களா மாமா?" என்பதுதான். கோவைக்குத் திரும்பும் பேருந்து வந்தது. அன்பரின் முழங்கால்கள் மடங்க மறுத்தன. மைத்துனர் முன்னே ஏறி, படியில் நின்றுகொண்டு, அவருக்குக் கை கொடுத்தார்.