ஏழுமலை ஒருவரே!

களம்பூருக்கு ரயிலில் வருகிறவர்கள் 'ஆரணி ரோடு' என்று டிக்கெட் கேட்க வேண்டும். ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். போர்டில் இருக்கிற பெயர் ஆரணியுடையது. ஊருக்கே இந்த கதி என்றால் ஆளுக்கு?

என் பெரியப்பா ஏழுமலை, நாற்பது வருஷம் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். இழை அறுந்தால் பார்க்காமலேயே முடிச்சுப் போடுவார். போன வருஷம் காலமானார். பெரியம்மாவுக்கென்று ஒரு வங்கியில் டெபாசிட் போட்டிருந்தார். நாமினி எழுத மறந்துவிட்டார்.

பெரியம்மாவை அழைத்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனேன். அங்கே இருந்த இளைஞர் நாலு காகிதங்களை வரிசையாகப் பரப்பினார். பாஸ் புத்தகத்தில் ஏழுமலை 'ஈ-எல்'லில் ஆரம்பிக்கிறார். ஆதாரில் 'ஈ-இசட்-ஹெச்'. வோட்டர் கார்டில் 'ஒய்-ஈ'. மரணச் சான்றிதழில் ஒரு 'ஏ' அதிகம்.

"இவங்க நாலு பேரும் உங்களுக்கு என்ன வேணும்மா?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள். "இன்னாடா இது? உங்க பெரியப்பா ஒருத்தர்தானே?"

சிரிப்பு வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அந்த இளைஞரைக் குற்றம் சொல்லமாட்டேன். வோட்டர் கார்டு சேஷன் காலத்தில், 1993-ல் ஆரம்பித்தது. ஆதார் 2010-ல். ஒவ்வொன்றுக்கும் தனி ஆபீஸ், தனி ஃபாரம். தட்டச்சு செய்தவர் காதில் எப்படி விழுந்ததோ, அப்படிப் பிறந்தார் பெரியப்பா. (மாவட்டம் வேறு. 1989 வரை வட ஆற்காடு, பிறகு திருவண்ணாமலை சம்புவராயர், 1997-ல் வெறும் திருவண்ணாமலை. வீடு மட்டும் நகரவே இல்லை!)

தென் அமெரிக்காவில் சிலி என்று நீளமாக ஒரு தேசம் இருக்கிறதல்லவா, அங்கே 1884-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இப்போது பிறப்பு, கல்யாணம், இறப்பு, அடையாள அட்டை எல்லாமே ஒரே இலாகா. பிறப்பைப் பதியும்போதே குழந்தைக்கு ஒரு நம்பர், சாகும்வரை அதுதான். நம்மூரில் 1969-ல்தான் தேசம் முழுவதற்கும் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. அதில் 15-வது பிரிவு சுவாரசியமானது. பதிவேட்டில் தப்பு இருந்தால் அடித்துத் திருத்தக்கூடாது; ஓரத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடவேண்டும். தப்பு அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும்.

கெஜட்டில் பெயர் மாற்றலாமே என்றார் ஒரு நண்பர். அதற்கு ஏழுமலையே கையெழுத்துப் போடவேண்டும். நாலு ஏழுமலையில் ஒருவர்கூடப் பாக்கியில்லையே!

கடைசியில் வாரிசுச் சான்றிதழ், நோட்டரி முன்னால் 'இவர்கள் அனைவரும் ஒருவரே' என்று பிரமாணப் பத்திரம், இரண்டு சாட்சி. ஏழு மாசம். அதுவரை பெரியம்மா மருந்துக் கடையில் கணக்கு வைத்துத்தான் சர்க்கரை மாத்திரை வாங்கினாள். பணம் கைக்கு வந்த அன்று முதலில் அந்தக் கடனைத்தான் அடைத்தாள்.

இப்போது பெரியப்பாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், லைசென்ஸ், பாஸ்போர்ட், சர்க்கார் உத்தியோகம் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலேயே பதிந்து, பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். தம்பி பத்து மாசத்தை ஓட்டிவிட்டான். 'யாழினி' என்பது முடிவு. இங்கிலீஷில் 'எல்'லா, 'இசட்-ஹெச்'சா என்பதில்தான் மாமியார் வீட்டோடு தகராறு.

பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா, அந்த 'ழ' இல்லாத பேரே உங்களுக்குக் கெடைக்கலியா?"