ஊசிக்கு அடங்காத நோய்

2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதிசெய்யப்பட்டது. பண்ணையாளரின் அறியாமையே காரணம் என்பது எளிது, நியாயமன்று.

வைரசு நோயெதிர்ப்புக் கலங்களைச் சிதைக்கிறது. பலவீனமான உடலிற் பற்றீரியா குடியேறுகிறது. அன்டிபயோட்டிக் ஊசி பின்னதை அடக்கலாம்; முன்னதைத் தொடாது. காய்ச்சலும் தோற்சிவப்பும் இரண்டிலும் தோன்றும். கண்ணாற் பிரித்தறிய இயலாது, ஆய்வுகூடம் வேண்டும்.

தேசிய மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகமோ பேராதனைக்கு அருகே, கன்னொறுவையில். பன்றி சாவதோ மட்டக்களப்பு வாவிக்கரையில். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கிறது. வைரசை உறுதிசெய்யும் கூடமொன்றை அங்கு அமைத்தாலென்ன?

நட்டஈட்டையும் சட்டமாக்குங்கள். அறிவித்தால் பட்டியே அழியும், கையில் ஒரு சதமும் வராது என்றால் எந்த ஏழை வாய்திறப்பான்? அவனது மௌனத்திலேதான் நோய் ஊர்விட்டு ஊர் நடக்கிறது.